தாதிய உதவியாளர்களைக் குசினி வேலைக்கு அனுப்புவது முறையா?

வேப்பம்பூ

எல்லோருக்கும் வணக்கம். வலிகாமத்தில் உள்ள ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான்கு ஆண்டுகளாகத் தாதிய உதவியாளராக வேலை செய்கிறேன். பராமரிப்பாளர் பயிற்சியை முடித்து, என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டச் சான்றிதழும் பெற்றிருக்கிறேன். இல்லத்தின் பெயரை யாரும் கேட்க வேண்டாம். அங்கே இருக்கும் முதியவர்களுக்கு என்னால் ஒரு தொல்லை வந்துவிடக் கூடாது.

எங்கள் இல்லத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். ஏழு பேர் படுத்த படுக்கை, இருவருக்கு மூக்குக்குழாய் வழியாகத்தான் உணவு. பகலில் மூவரும் இரவில் இருவரும் கடமையில் இருப்போம். மாசி மாதத்தில் சமையற்கார அம்மா வேலையை விட்டுப் போனார். அன்று முதல், புது ஆள் வரும்வரை கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. முதலில் பரிமாறினோம். பிறகு மரக்கறி வெட்டினோம், தேங்காய் திருவினோம். இப்போது இரவுக் கடமையில் உள்ள இருவரில் ஒருவர் அதிகாலை நாலரைக்கே குசினிக்குள் போய், இருபத்திரண்டு பேருக்கும் இடியப்பம் அவித்துச் சொதி வைக்க வேண்டும் என்பது கடமைப் பட்டியலிலேயே எழுதப்பட்டுவிட்டது. புது ஆளைத் தேடுவதாக இப்போது யாரும் சொல்வதில்லை.

அதிகாலை நாலரை முதல் ஆறரை வரையிலான நேரம் எப்படிப்பட்டது என்பது இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் முதியவர்கள் விழித்துச் சலம் கழிக்க எழும்புவார்கள், பம்பஸ் மாற்ற வேண்டும், படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இன்சுலின் போடுபவர்களுக்குச் சீனியின் அளவு பார்க்க வேண்டும். மூன்று கிழமைகளுக்கு முன்பு, நான் குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தபோது, என்னோடு கடமையில் இருந்த தங்கச்சி ஓர் ஐயாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் எண்பத்தொரு வயது அம்மா ஒருவர் தனியே எழும்பி நடந்து, கழிப்பறை வாசலில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்று தொடக்கம் அவர் நடக்கப் பயப்படுகிறார்.

இதை நிர்வாகத்திடம் சொன்னபோது, "வீட்டில் உங்கள் அம்மாவுக்குச் சமைத்துக் கொடுக்க மாட்டீர்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வேலைக்குப் பின்வாங்கும் ஆள் நான் இல்லை. இது சரியா, இதை எப்படி மறுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி

பிள்ளை, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். முப்பத்துமூன்று ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உணவூட்டுவது தாதியம், சமைப்பது தாதியம் அன்று. இரண்டும் சோற்றோடு தொடர்புபட்டவை என்பதால் நிர்வாகங்கள் இவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. பாரிசவாதம் வந்த ஒருவரை நிமிர்த்தி இருத்தி, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, ஒரு சிறு கரண்டி கொடுத்து, அது விழுங்கப்பட்டதா என்று தொண்டையைப் பார்த்து, குரல் ஈரமாக ஒலிக்கிறதா என்று கேட்டு, அதன் பிறகே அடுத்த கரண்டியைக் கொடுப்பது பயிற்சி தேவைப்படும் வேலை. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் உணவூட்ட மட்டுமென்று ஒருவரை வைத்துக்கொள்ள 2003இல் அனுமதி கொடுத்தபோது, அவருக்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று விதித்தார்கள். ஊட்டுவதற்கு மட்டும் அவ்வளவு. ஆகவே பரிமாறுவது, ஊட்டுவது, எவ்வளவு சாப்பிட்டார் என்று குறித்துவைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது ஆகியவற்றை எங்களுடைய வேலையல்ல என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அவை உங்களுடையவை. அவற்றை விட்டுக்கொடுத்தால் உங்கள் வாதம் முழுவதும் வலுவிழந்துவிடும்.

இரண்டாவது, தொற்று. மலம் துடைத்த கை, பிறகு மா குழைக்கப் போகிறது. கையுறை போட்டிருந்தோம், கிருமிநீக்கித் திரவம் பூசினோம் என்பார்கள். வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் முதியோர் இல்லங்களில் பரப்பும் நொரோ வைரசுக்கு எதிராக அற்ககோல் சார்ந்த கைத்திரவம் நம்பத்தக்கதல்ல. குளொஸ்ரிடியம் டிஃபிசில் என்ற பற்றீரியாவின் வித்திகளை அது கொல்வதே இல்லை. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் வேண்டும். ஆளணி குறைந்த இரவில், ஒருவர் மணியடித்து அழைக்க இன்னொருவர் அடுப்படியில் கொதிக்கிறது என்று கூப்பிட, இடையில் ஓடும் கை எத்தனை தடவை ஒழுங்காகக் கழுவப்படும்? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்படி ஓட வைக்கும் ஏற்பாட்டில்தான் பிழை இருக்கிறது.

கடமையில் இருக்கும் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால், அது நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை அவர் உணவைத் தொடக் கூடாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் இரவில் அந்த விதியை யார் கடைப்பிடிப்பார்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பனங்கூடல்

மன்னிக்க வேண்டும், நான் மறுபக்கத்தில் நின்று பேசுகிறேன். தென்மராட்சியில் நானும் என் மனைவியும் ஒன்பது முதியவர்களைக் கொண்ட சிறிய இல்லம் ஒன்றை நடத்துகிறோம். எங்களிடம் நான்கு பணியாளர்கள்தான். எல்லோரும் எல்லாவற்றையும் செய்கிறோம், என் மனைவி உட்பட. 2022இல் எரிவாயு இல்லாமல் விறகில் சமைத்த நாட்களில், எங்கள் தாதிய உதவியாளர்கள் கண்ணீர் வடிய அடுப்பூதியதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் இது எங்கள் வேலை இல்லை என்று சொல்லியிருந்தால் முதியவர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

சமையலுக்குத் தனி ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் முதியவர்களின் மாதக் கட்டணத்தில்தான் ஏறும். வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ளவர்கள் கொடுப்பார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவர், பிள்ளையே இல்லாதவர் எங்கே போவது? அது மட்டுமல்ல, சிறிய இல்லத்தில் குசினியும் வாழ்க்கையின் ஒரு பகுதி. எங்களுடைய இரண்டு அம்மாக்கள் நாள்தோறும் முருங்கையிலை உருவித் தருவார்கள். பணிப்பெண் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பார். அந்த ஒரு மணித்தியாலம் அவர்கள் பேசும் பேச்சு எந்த மருந்தையும் விடப் பெரிது என்று நான் நம்புகிறேன். எல்லாவற்றையும் கடமைப் பட்டியலாகப் பிரித்துவிட்டால், வீடு போன்ற ஓரிடம் வைத்தியசாலை வாட்டாக மாறிவிடும்.

வேப்பம்பூ

ஐயா, உங்கள் இல்லத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் சேர்ந்து சமைக்கிறீர்கள், அது வேறு. அம்மாக்களோடு இருந்து வெங்காயம் உரிப்பதை நான் விரும்பியே செய்வேன், ஏனென்றால் அப்போது அவர்கள் என் கண்முன்னே இருக்கிறார்கள். இங்கே குசினி பின்புறத்தில் தனிக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் மணியடிப்பதும் கேட்காது, யாரும் விழுந்தாலும் தெரியாது.

எங்களில் இரண்டு ஆண் உதவியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து இரவுக் கடமைக்கு வரும் நாட்களில் காலை உணவு கடையிலிருந்து வருகிறது. ஆகவே பணம் இல்லை என்ற காரணம் எங்களுக்கு மட்டும் சொல்லப்படுகிறது.

ஓய்வுபெற்ற தாதி

அந்தக் கடைசி இரண்டு வசனங்களையும் நீங்கள் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், பிள்ளை. எனக்கு மனம் கொதிக்கிறது. சமையல் தாதிய உதவியாளரின் கடமை என்றால் அது ஆணுக்கும் கடமை. ஆணுக்குக் கடமையாகாத ஒன்று பெண்ணுக்கு மட்டும் கடமையாகிறது என்றால், அவர்கள் கூலி கொடுத்து வாங்கியது உங்கள் பயிற்சியை. இலவசமாக எடுத்துக்கொள்வது நீங்கள் பெண் என்பதை. "வீட்டில் அம்மாவுக்குச் செய்ய மாட்டீர்களா" என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. ஆண் உதவியாளரிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

வீட்டில் அம்மாவுக்குச் சமைக்கும் மகளுக்கு ஒரே ஓர் அம்மாதான். இருபத்திரண்டு பேர் அல்லர்.

தொழில் அலுவலகப் படியேறியவன்

நான் சட்டத்தரணி அல்லன். என் சொந்தப் பிணக்கு ஒன்றுக்காக இரண்டு ஆண்டுகள் தொழில் திணைக்களத்தின் படியேறி இறங்கியதில் கற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். பதவிப் பெயர் என்ன, கடமைகள் எவை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கடிதங்களின் முடிவில், நிர்வாகம் காலத்துக்குக் காலம் பணிக்கும் ஏனைய கடமைகளும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டித்தான் உங்களை மடக்குவார்கள். என்னுடைய கருத்தில் அந்த வரி உங்கள் பதவியோடு ஒட்டிய சிறு வேலைகளுக்கானது. ஒரு முழுப் பதவியின் வேலையை, வெற்றிடத்தை நிரப்பாமல் மாதக் கணக்கில் உங்கள் தலையில் கட்டுவதற்கானது அன்று. நியமனக் கடிதமே தரப்படவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து நேரம். நாலரைக்குக் குசினிக்குப் போனதால், ஆறரைக்கு முடிய வேண்டிய வாட் வேலை ஏழரை வரை நீள்கிறதா? அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால், அதுவே தொழில் அலுவலர் உடனே கையில் எடுக்கக்கூடிய முறைப்பாடு. ஒரு கொப்பியில் திகதி, வந்த நேரம், குசினியில் நின்ற நேரம், புறப்பட்ட நேரம் ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவையுங்கள். நான் எழுதிவைக்காததால்தான் பாதிப் பணத்தை இழந்தேன். சம்பளத் துண்டையும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரிடமிருந்து மட்டும் 3 வீதமும் செல்ல வேண்டும். ஓரிடத்தில் விதியை மீறுபவர் இன்னோரிடத்திலும் மீறியிருப்பார் என்பது என் அனுபவம்.

தனியே போகாதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தையே பதிவு செய்யலாம் என்று 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சங்கம் அமைக்கச் சொல்லவில்லை. ஏழு கையொப்பங்களுக்கு என்ன மதிப்பு என்பதைச் சொல்கிறேன்.

கொழுந்து வெற்றிலை

அரச ஆதார வைத்தியசாலை ஒன்றில் சிற்றூழியராக இருக்கிறேன். எங்களுக்கும் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிப் போய்ப் பகிரும் வேலை உண்டு. ஆனால் வாட்டில் நிற்பவர் குசினிக்குள் காலெடுத்து வைத்ததை நான் பார்த்ததில்லை. குசினியில் நிற்பவரும் வாட்டுக்குள் வந்து நோயாளியைத் தூக்குவதில்லை.

இலண்டனிலிருந்து

நான் மானிப்பாயில் பிறந்தவள். பதினொரு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இங்கும் சமையற்காரர் விடுமுறையில் போகும் சனி, ஞாயிறுகளில் எங்களைக் குசினிக்கு அனுப்பப் பார்ப்பார்கள். வேறுபாடு, மறுப்பதற்கு எங்களுக்குக் கால் ஊன்ற ஓரிடம் இருப்பதுதான்.

இங்கே பராமரிப்புச் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில், முதியவர்களின் உணவு, நீர்த் தேவை பற்றி 14ஆம் விதியும் போதிய ஆளணி பற்றி 18ஆம் விதியும் இருக்கின்றன. இரண்டையும் இல்லம் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும். உணவுக்காக ஆளணியைக் குறைத்தாலும் பிழை, ஆளணிக்காக உணவைக் குறைத்தாலும் பிழை. எங்கள் முகாமையாளர் ஒருமுறை என்னைக் குசினிக்குப் போகச் சொன்னபோது, "போகிறேன், ஆனால் இன்றைய ஆளணிப் பட்டியலில் என் பெயரை வெட்டிவிட்டு, எனக்குப் பதிலாக வருபவரின் பெயரை எழுதுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு முகவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து ஒருவரை அழைத்தார்.

தங்கச்சி, நீங்களும் அந்த வாக்கியத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். மறுப்பதைவிட, கணக்கைச் சரியாக எழுதச் சொல்வது எளிது. இரவில் இருவர் என்று பதிவேட்டில் இருக்க, வாட்டில் உண்மையாக நிற்பவர் ஒருவர். அந்தப் பொய்க் கணக்குத்தான் அந்த அம்மாவை விழுத்தியது. சமையல் தெரியுமா, தெரியாதா, சமைப்பது கௌரவமா, இல்லையா என்பதெல்லாம் பிறகு.

இன்னொன்று: இங்கே குசினிக்குப் போகும் நாளில் உடை வேறு, மேலங்கி வேறு, உணவுச் சுகாதாரப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அந்த நேரம் முடியும்வரை வாட்டுக்குத் திரும்ப முடியாது. பாதி அங்கே, பாதி இங்கே என்பது இல்லை.

மகள் ஒருத்தி

இந்த இழையைப் பல நாட்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா இரண்டு ஆண்டுகள் ஓர் இல்லத்தில் இருந்து, சென்ற ஐப்பசியில் காலமானார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்கு விழுங்குவது கடினம். தண்ணீரைக்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று பேச்சு மொழிச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தார். உணவின் தடிப்பை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்த ஓர் அட்டவணையை அவர் எனக்குக் காட்டினார். நான் அதைப் பிரதியெடுத்து, அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்.

கட்டிலுக்கு மேலே ஒட்டியதை, குசினியில் நிற்பவர் எப்படிப் பார்ப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் பின்னேரம் நான் போனபோது, அம்மாவுக்கு ஒடியல் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்போடுதான் கொடுத்தார்கள். அம்மா அதைக் கேட்டிருக்கிறார். கூழுக்குள் பயிற்றங்காய்த் துண்டும் மரவள்ளித் துண்டும் கிடந்தன. புரைக்கேறி அம்மாவின் முகம் நீலமானது. கொடுத்தவர் குசினியிலிருந்து அவசரத்துக்கு வாட்டுக்கு அனுப்பப்பட்டவர்; அம்மாவைப் பார்க்கும் உதவியாளர் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வேலையாட்களை மாற்றி மாற்றிப் போட்டால் இப்படித்தான் நடக்கும் என்பது இந்த இழையை வாசித்த பிறகே எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையை அன்று நான் ஏசினேன். ஏசியிருக்கக் கூடாது.

பனங்கூடல் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கட்டணம் கூடும் என்று நீங்கள் எங்களிடம் கேட்டுப் பார்த்தீர்களா? என்னிடம் யாராவது, இன்ன காரணத்துக்காக இவ்வளவு கூடும் என்று கணக்குக் காட்டியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். இயலாதவர்களின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அன்னதானத்துக்குக் கொடுக்கும் ஊர் இது.

பனங்கூடல்

அம்மாவின் இழப்புக்கு என் அனுதாபங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் முதியவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் பணியாளர்களின் மேல் ஏற்றிவிட்டோம்.

இலண்டன் சகோதரி சொன்ன கணக்கை நேற்று இரவு என் மனைவியோடு இருந்து எழுதிப் பார்த்தேன். எங்களிடம் பகலில் இருவர். ஒருவர் சமையலில் நிற்கும் நேரம் மூன்றரை மணித்தியாலம். அந்த நேரத்தில் ஒன்பது பேருக்கு ஒருவர். எங்கள் குசினி நடுவில் இருப்பதால் சமைப்பவருக்கும் எல்லாம் தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வந்திருக்கிறேன். ஆனால் கட்டிலில் இருக்கும் இருவரும் குசினியிலிருந்து தெரியமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தாதி

வேப்பம்பூ, கடிதம் எழுதுவதாக இருந்தால் சுருக்கமாக எழுதுங்கள். குறைகளை அடுக்க வேண்டாம். விழுந்த சம்பவத்தின் திகதி, நேரம், அப்போது வாட்டில் நின்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே, சமையலுக்கு அனுப்பப்படுபவரை அந்த நேரத்தின் வாட் ஆளணியில் சேர்க்க வேண்டாம் என்ற ஒரே கோரிக்கையை வையுங்கள். ஆண், பெண் வேறுபாட்டை ஒரு வரியில் எழுதுங்கள், ஆனால் விடாமல் எழுதுங்கள்.

அவர்கள் அசையாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம். உணவு தயாரிக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதற்கு 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை முதலிலேயே செய்ய வேண்டாம். இல்லத்தை மூடவைப்பது உங்கள் நோக்கம் அல்லவே.

சொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவை எங்கள் வெக்கையில் அதிகாலை வைத்துவிட்டு, எட்டரை மணிக்குப் பரிமாறும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். சமைப்பவர் இடையில் வாட்டுக்கு ஓடிவிட்டால் இதையெல்லாம் கவனிக்க முடியாது.

வேப்பம்பூ

மூன்று கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கடிதம் கொடுத்தோம். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கையொப்பமிட்டோம். ஆண் உதவியாளர் இருவரும் அதில் அடக்கம். கையொப்பமிடாத அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், கணவன் இல்லை. அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. முதல் நாள் கடுமையாகப் பேசினார்கள். உங்களை யார் தூண்டிவிடுகிறார்கள் என்றார்கள். இரண்டாம் நாள், விழுந்த அம்மாவின் மகன் தொலைபேசியில் அழைத்து, தன் தாய் விழுந்த நேரத்தில் வாட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டார். நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவே சொல்லியிருக்கிறார். "பிள்ளையள் பாவம், ஒண்டு அடுப்படியில, ஒண்டு மற்ற அறையில" என்று சொன்னாராம்.

இப்போது அயலில் உள்ள ஓர் அம்மா அதிகாலை நாலரை முதல் பத்து மணிவரை சமைக்க வருகிறார். மதியச் சமையலும் அதற்குள் முடிந்துவிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் ஆள் இல்லை. அந்த நேரத்தில் மூவரில் ஒருவர் போகிறோம், ஆண்களும் முறை வைத்துப் போகிறார்கள். போகிறவரின் பெயர் ஆளணிப் பட்டியலில் தனியாக எழுதப்படுகிறது. அப்படி எழுதும்போது வாட்டில் இருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. மூன்றாவது ஆளை ஆடி மாதத்துக்குள் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொப்பியில் திகதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.

மூக்குக்குழாயில் கொடுக்கும் கஞ்சியை மட்டும் நாங்களே காய்ச்சி, வடித்துக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். அது எங்கள் கையில் இருப்பதுதான் நல்லது.

அந்த அம்மா நேற்றுப் பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு விறாந்தை வரை நடந்தார். பத்து எட்டு இருக்கும்.

பனங்கூடல்

நல்ல செய்தி, பிள்ளை. நாங்களும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரோடு மதியச் சமையலுக்குப் பேசியிருக்கிறோம். கட்டணம் எவ்வளவு கூடும் என்று ஒரு தாளில் கணக்கெழுதி, ஏழு குடும்பங்களுக்கு அனுப்பினேன். ஐந்து குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. மற்ற இருவருக்கும் எப்படி ஈடுகட்டுவது என்று இன்னும் தெரியவில்லை. இதே நிலையில் இல்லம் நடத்துபவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.